ஒரு சார்ஜ், பதினோரு சைகை

என் அண்ணன் ஆசாத்துக்குப் பிறவியிலேயே காது கேட்காது. இதைச் சொன்னதும் எல்லோரும் ஒரு முகம் வைப்பார்கள். அந்த முகத்தை இப்போதே வைத்து முடித்துவிடுங்கள். இனிமேல் வருவதற்கு அது தேவைப்படாது.

சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து மலைக்கோட்டைப் பக்கம் நடந்தால், பையும் பெல்ட்டும் பிளாஸ்டிக் வாளியும் தொங்குகிற ஒரு சந்து வரும். அதில் நாலடி அகலத்துக்கு ஒரு செல்போன் ரிப்பேர் கடை இருக்கிறது. அண்ணனுடைய கடை அதுதான். கல்லா மேல் ஒரு நோட்டும் கயிற்றில் கட்டிய பேனாவும் இருக்கும். வருகிறவர்கள் போனுக்கு என்ன கோளாறு என்று அதில் எழுத வேண்டும். பத்துப் பேரில் ஏழு பேர் எழுதுவது ஒரே விஷயம்தான். சார்ஜ் ஏறல. சார்ஜ் நிக்கல. சார்ஜ் போட்டா சுடுது.

அண்ணனுக்கு இங்கிலீஷ் வார்த்தை என்றால் அது ஒரு படம். அதன் சத்தத்தை ஒரு தடவைகூட அவன் கேட்டதில்லை. அதனால் ஒரே படம் இரண்டு இடத்தில் தெரிந்தால், இரண்டும் ஒரே பொருளாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவன் கணக்கு. ஒரு நாள் வடை சுற்றி வந்த காகிதத்தில் போலீஸ் சார்ஜ் ஷீட் தாக்கல் செய்ததாக ஒரு செய்தி இருந்தது. அண்ணன் காகிதத்தை என் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"போலீஸ்காரங்க எதுக்குடி சார்ஜ் போடுறாங்க? யார் போனுக்கு?"

கையால்தான் கேட்டான். நாங்கள் கையால் பேசுவதை வாயால் பேசியதுபோலவே எழுதிவிடுகிறேன், படிக்கச் சுலபமாக இருக்கும்.

"போனுக்கு இல்லண்ணே. இது வேற சார்ஜ். குத்தம் சாட்டுறது."

"பஸ்ல பாத்தேனே, சர்வீஸ் சார்ஜ்னு. அதுவும் குத்தமா?"

"அது காசு."

"சரிதான். எல்லாத்துக்கும் ஒரே வார்த்தையா? காது கேக்குறவங்களுக்கு வேற வார்த்தைக்குப் பஞ்சமா?"

எனக்குத் தெரியாத விஷயங்களைத் தனியாகப் பட்டியல் போட்டால் அது பள்ளிக்கூடத்தைவிடப் பெரிதாக இருக்கும். நான் பதினொன்றாவதிலேயே நின்றுவிட்டவள்.

அன்றைக்கே அண்ணன் ஒரு நீள நோட்டு வாங்கினான். ஒரு பக்கத்தின் உச்சியில் CHARGE என்று கொட்டை எழுத்தில் எழுதினான். அதற்குப் பிறகு கடைக்கு வந்த ஒருவரையும் அவன் சும்மா விடவில்லை. போனை வாங்கி வைப்பான், நோட்டை நீட்டுவான். உங்க வேலையில இதுக்கு என்ன அர்த்தம், எழுதாதீங்க, செஞ்சு காட்டுங்க என்பான். நான் பக்கத்தில் நின்று அதை வாயால் சொல்வேன்.

ஏசி மெக்கானிக் இன்னாசிராஜ் இல்லாத ஒரு சிலிண்டரைக் கட்டிப்பிடித்து, இல்லாத குழாயைச் செருகி, உஸ்ஸ் என்று கன்னத்தை உப்பினார். கேஸ் சார்ஜ். துவாக்குடிப் பக்கம் கல்குவாரியில் வேலை பார்க்கிற ஒருவர் தரையில் குழி தோண்டி, வெடிமருந்து அடைத்து, காதைப் பொத்திக்கொண்டு பத்தடி ஓடினார். திரும்பி வரும்போது கூட்டம் கூடிவிட்டது. சிவில் உடையில் வந்த ஒரு ஏட்டு லத்தி சார்ஜ் செய்து காட்டியதில், பெல்ட் வாங்க வந்த இரண்டு பேர் நிஜமாகவே சந்திலிருந்து வெளியே போய்விட்டார்கள். டியூஷன் சார் ஒருவர் பிளஸ், மைனஸ் என்று ஆரம்பித்து இருபது நிமிடம் விளக்கினார். அண்ணனுக்குக் கடைசியில் மிஞ்சியது ஒரு விரலும் குறுக்காக இன்னொரு விரலும்தான். ஆனால் அது நல்ல சைகை.

ஒவ்வொன்றையும் அண்ணன் படமாக வரைந்துகொள்வான். ஒரே வார்த்தைக்குப் பதினோரு படம் சேர்ந்தது. அதில் பலவற்றைப் பற்றி நான் பெருமையாகச் சொல்லலாம். ஒன்று நான் செய்த திருட்டு வேலை.

எங்கள் கடைக்கு எதிரே பைக்கடை ரெங்கராஜ் இருக்கிறார். சந்து வியாபாரிகள் சங்கத்துக்குத் தலைவர். அவரை யாரும் தேர்ந்தெடுத்ததாக எனக்கு நினைவில்லை, ஆனால் தலைவர். யாரையாவது வேலை வாங்க வேண்டுமென்றால் முதலில் வலது கையால் தொப்பையை இரண்டு சுற்றுச் சொறிவார். சொறிந்து முடித்ததும் இடது கை தானாக நீளும்.

"ஏய், அந்த வாளிய உள்ள தள்ளு! யோவ், வண்டிய எடுய்யா!"

சொறியாமல் அவர் ஒரு உத்தரவும் போட்டு நான் பார்த்ததில்லை.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. அண்ணன் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"இன்சார்ஜ்னு ஆஸ்பத்திரியில போர்டு இருக்கு. இன்சார்ஜ் சிஸ்டர். அது என்ன சார்ஜ்?"

"பொறுப்புல இருக்குறவங்க. மத்தவங்கள வேலை வாங்குறவங்க."

"அதுக்கு என்ன சைகை?"

எதிரே ரெங்கராஜ் சொறிந்துகொண்டிருந்தார். என்னால் அடக்க முடியவில்லை. வயிற்றை இரண்டு சுற்றுச் சொறிந்து, இடது கையை நீட்டினேன்.

"இதுவா?"

"சென்னையில இதத்தான் போடுறாங்க. வீடியோல பாத்தேன்."

அண்ணன் கொஞ்சமும் சந்தேகப்படவில்லை. தொப்பையை அழகாக நிழல் கொடுத்து வரைந்துகொண்டான்.

சாயங்காலமே கண்டுபிடித்துவிடுவான், காதைத் திருகுவான், சிரிப்போம் என்றுதான் நினைத்தேன். அவன் கண்டுபிடிக்கவே இல்லை. நாள் முழுக்கப் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனின் வயிற்றுக்குள் தலையைக் குனிந்திருக்கிறவனுக்கு, எதிர்க்கடைக்காரர் வயிறு எங்கே கண்ணில் படும்?

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் ஸ்ரீரங்கத்துக்குக் கூட்டிப்போனான். அம்மா மண்டபம் படித்துறையில் சாயங்காலம் காது கேளாதவர்கள் இருபது முப்பது பேர் கூடுவார்கள். பொரி, கடலை, ஊர்க்கதை, எல்லாம் கையிலேயே நடக்கும். ஒருவர் வாயில் பொரி இருக்கும்போதும் பேச்சு நிற்காது. அந்த வசதி நமக்கு இல்லை. அங்கே லால்குடியிலிருந்து வந்த ஒருவர், நான் முன்பின் பார்த்திராதவர், தாசில்தாரைப் பற்றி ஏதோ புலம்பிக்கொண்டிருந்தார். தாசில்தார் என்பதற்கு என்ன செய்தார் தெரியுமா? தொப்பையை இரண்டு சுற்றுச் சொறிந்து கையை நீட்டினார்.

எனக்குக் குடித்த டீ மூக்கில் ஏறியது.

அந்தப் பக்கம் ஒரு பெண் அதே சைகையில் மாமியாரைச் சொன்னாள். இன்னொருவர் தன் சூப்பர்வைசரைச் சொன்னார். என் குறும்பு காவிரியைத் தாண்டி, கொள்ளிடத்தையும் தாண்டிப் போயிருந்தது. அண்ணன் ஒரு புதுப் பையனுக்கு அதைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான்.

"இது சென்னை சைகை. என் தங்கச்சி கத்துக்கிட்டு வந்து சொன்னா."

என்னைக் காட்டித்தான் சொன்னான். அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அவன் முகத்தைப் பார்த்தேன், வாயை மூடிக்கொண்டேன். சரியாகச் சொன்னால் கையை.

இரண்டு மாதத்துக்கு முன் அதே படித்துறையில் மலர்க்கொடி அக்கா அழாத குறையாக வந்தார். நாற்பது வயதிருக்கும், ஆஸ்பத்திரி வார்டில் துப்புரவு வேலை. புத்தூரில் காது கேளாதவர்களுக்கு ஒரு பயிற்சி மையத்தில் செல்போன் ரிப்பேர் வகுப்பு நடக்கிறது, அதில் சேர்ந்திருந்தார்.

"ஆறு வாரமா போறேன். வாத்தியார் போர்டப் பாத்துக்கிட்டே பேசுறாரு. அவரு முதுகுல என்னத்த படிக்கிறது? இப்ப அவரும் நின்னுட்டாரு. வேற ஆள் தேடுறாங்க."

வீடு திரும்பி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அண்ணன் என் தோளைத் தட்டினான்.

"நான் போகட்டுமா?"

ஒன்று வேண்டும் என்று அவன் கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சட்டை வாங்கினாலும் எங்கள் அத்தா எடுத்துக்கொடுத்த நிறத்தைத்தான் போடுவான். மனு எழுதியது நான். இரண்டு எழுத்துப் பிழை, அதையும் அவனே கண்டுபிடித்தான். மாதிரி வகுப்பு எடுத்துக் காட்ட வரச்சொல்லி மையத்திலிருந்து தகவல் வந்தது.

எங்கள் அத்தா அப்துல் சலாம் பெரிய கடைவீதியில் ஜவுளிக்கடையில் சேல்ஸ்மேன். அவருக்குச் சைகை வராது. வராது என்பதைவிட, நான் இருந்ததால் வர வேண்டிய அவசியம் வரவில்லை. அண்ணன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தான், அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"காது கேக்காதவன் எப்படிம்மா வாத்தியாரா நிப்பான்? சரியா வருமான்னு அவன்கிட்ட கேளு."

கேட்டேன். அண்ணன் பதில் சொன்னான். நான் திருப்பிச் சொன்னேன்.

"வரலன்னா கடை இருக்குல்ல, அத்தா. ஒரு தடவை நின்னு பாக்குறேங்குது அண்ணன்."

"இன்ஷா அல்லாஹ்," என்றார் அத்தா, கூரையைப் பார்த்து.

மாதிரி வகுப்பன்று காலையில் மையத்தில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மையத்தை நடத்துகிற அரவிந்தவல்லி மேடம். ஸ்ரீரங்கம் உத்தர வீதிக்காரர், திருத்தமான மடிப்புப் புடவை, மூக்குக்கண்ணாடி. இன்னொருவர் சித்தார்த். சைகை மொழி ஆசிரியர்களைத் தேர்வு செய்வதற்காகச் சென்னையிலிருந்து வந்தவர். அவருக்குக் காது கேட்கும், ஆனால் கை எங்களைவிட வேகம். 'சென்னை' என்ற வார்த்தையைக் கேட்டதும் வாசல் எந்தப் பக்கம் என்று பார்த்துவைத்துக்கொண்டேன்.

"வாங்கோ, உக்காருங்கோ," என்றார் மேடம். என்னைப் பார்த்து, "நீதானே தங்கை? சொல்லும்மா அவர்கிட்ட. இருபது நிமிஷம். சார்ஜ் ஏன் ஏறலேங்கறத இவா அஞ்சு பேருக்கும் நடத்திக் காட்டணும். அவர் கையில சொல்றத நீ எனக்கு வாயில சொல்லு."

முன் வரிசையில் மலர்க்கொடி அக்காவும் வேறு நான்கு பேரும் இருந்தார்கள். ஐந்து பேருமே அண்ணனைவிட வயதில் மூத்தவர்கள். அண்ணன் போர்டில் CHARGE என்று எழுதினான். எழுதியதும் போர்டுக்கு முதுகைக் காட்டி, அவர்கள் முகத்தைப் பார்த்து நின்றான்.

"இந்த வார்த்தைய நீங்க எங்கல்லாம் பாத்திருக்கீங்க? செஞ்சு காட்டுங்க."

ஓரத்தில் இருந்தவர் கண்டக்டர்போல விரலில் டிக்கெட் கிழித்தார். இன்னொருவர் தம்பியைப் போலீஸ் பிடித்த கதையை ஆரம்பித்துவிட்டார், அண்ணன் பாதியில் நிறுத்தி முதுகில் தட்டினான். ஒவ்வொன்றுக்கும் அண்ணன் தன் சைகையைக் கொடுத்தான், இது வேறு, இது வேறு, நாம் இன்று பார்க்கப்போவது இவை எதுவும் இல்லை என்று ஒதுக்கிக்கொண்டே வந்தான். களத்தில் கல் பொறுக்குவதுபோல இருந்தது. ஆறு வாரம் முதுகைப் பார்த்தவர்கள் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்கள்.

மலர்க்கொடி அக்காவின் முறை வந்தது. ஆஸ்பத்திரி இன்சார்ஜ் சிஸ்டரைச் சொல்ல, வயிற்றைச் சொறிந்து கையை நீட்டினார்.

அண்ணன் உற்சாகமாகத் தலையாட்டினான். "சரி. இங்க யார் இன்சார்ஜ்? இவங்க." அரவிந்தவல்லி மேடத்தைப் பார்த்து, மரியாதையாக, நிதானமாக, இரண்டு சுற்றுச் சொறிந்து காட்டினான்.

மேடம் தன் புடவையைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

சித்தார்த் கையைத் தூக்கினார். "ஒரு நிமிஷம். அது என்ன சைகை?"

"இன்சார்ஜ். சென்னை சைகை," என்றான் அண்ணன்.

"நான் சென்னைதான். பதினஞ்சு வருஷமா இதுதான் எனக்கு வேலை. இப்படி ஒண்ணு கிடையாது."

அண்ணன் சிரித்தபடியே என் பக்கம் திரும்பினான். "நீ சொல்லுடி. நீதானே வீடியோல பாத்தே?"

அவன் முகத்தில் அப்போதும் சந்தேகம் இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. மொழியே சரியாகத் தெரியாதவன் என்று இந்த மனிதர் எழுதிவிட்டால், அவன் வாய்விட்டு, இல்லை, கைவிட்டுக் கேட்ட ஒரே ஒரு விஷயமும் போய்விடும்.

எழுந்து நின்றேன். எல்லோருக்கும் புரிய வேண்டும் என்பதால் வாயாலும் கையாலும் சேர்த்தே சொன்னேன்.

"வீடியோ எதுவும் இல்ல. நான் பொய் சொன்னேன். அது எங்க சந்துல பைக்கடை ரெங்கராஜ் மாமா தொப்பையச் சொறியறது. நாலு வருஷம் முன்னாடி, எனக்கு அப்ப பதின்மூணு வயசு. அண்ணனுக்குத் தெரியாது. அண்ணன் மேல ஒரு தப்பும் இல்ல."

மலர்க்கொடி அக்கா மேஜையை உள்ளங்கையால் அடித்தார். தரையைக் காலால் உதைத்தார். ஐந்து பேரும் மேஜையை அடித்து, வயிற்றைப் பிடித்து, ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள்.

"இவருக்குத் தெரியாதா?" என்றார் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எங்களுக்கெல்லாம் எப்பவோ தெரியுமே! பை வாங்கப் போனப்பவே பாத்துட்டோம். அவரேதான், அச்சு அசல்! தெரிஞ்சுதான் இத்தனை நாளா போடுறோம்."

அதாவது, திருச்சி மாவட்டத்தில் கைப்பேச்சு தெரிந்த எல்லோருக்கும் தெரியும், என் அண்ணனைத் தவிர. அவன் மட்டும்தான் நான் சொன்னதை நம்பியவன்.

அவன் காது மடல் இரண்டும் சிவந்துவிட்டது. என்னை ஒரு பார்வை பார்த்தான். அதற்குள் அத்தனையும் இருந்தது. பிறகு சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தான். இன்னும் பதினொரு நிமிடம்.

சித்தார்த்திடம் நேராகப் போனான். "சரியான சைகை எது? சொல்லிக்கொடுங்க."

சித்தார்த் இதை எதிர்பார்க்கவில்லை. தோளில் ஒரு பாரத்தை ஏற்றி வைப்பதுபோல ஒன்றைக் காட்டினார். அண்ணன் இரண்டு முறை செய்து பார்த்துக்கொண்டு வகுப்புக்குத் திரும்பினான்.

"நான் உங்களுக்குச் சொன்னது தப்பு. இதுதான் சரி. எல்லாரும் செய்யுங்க." ஐந்து தோளிலும் பாரம் ஏறியது. "பரீட்சையில இது. அம்மா மண்டபத்துல எதப் போடுறதுன்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க. இப்ப போனுக்கு வருவோம்."

அவ்வளவுதான். பையிலிருந்து செத்துப்போன ஒரு போனை எடுத்து மலர்க்கொடி அக்கா கையில் வைத்தான். அக்கா ஆறு வாரத்தில் ஒரு திருப்புளியைக்கூடத் தொட்டதில்லை. சார்ஜ் ஏறுவதற்கு ஒரு சைகை, இறங்குவதற்கு ஒரு சைகை, வழியில் அடைபட்டு நிற்பதற்கு ஒரு சைகை. மூன்றையும் அவர் விரல்மேலேயே செய்து காட்டினான். எங்கே அடைபட்டிருக்கும் என்று நீங்களே தேடுங்கள் என்று கையைக் கட்டிக்கொண்டான். அக்கா பூதக்கண்ணாடியை மாட்டி, சார்ஜர் செருகும் ஓட்டைக்குள் ஊசி முனையை விட்டு, சட்டைப்பை நூலும் பஞ்சுமாக ஒரு சின்ன உருண்டையை வெளியே இழுத்தார். வயரைச் செருகினார். திரையில் பேட்டரி படம் எரிந்தது.

போனை மார்போடு அணைத்துக்கொண்டு அக்கா என்னைப் பார்த்த பார்வைக்கு என்னிடம் சைகை இல்லை.

மேடமும் சித்தார்த்தும் ஜன்னலோரம் போய்ப் பேசினார்கள். மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டார்கள்.

"ஊர்ஜிதம் பண்ணாத சைகைய நாலு வருஷமா பரப்பியிருக்கார், மேடம்."

"பண்ணினது அந்தப் பொண்ணு. இவர் எல்லார் முன்னாடியும் தப்புன்னு சொல்லிட்டு, உங்ககிட்டயே கத்துண்டு, விட்ட எடத்துலேருந்து நடத்தினாரே, அத எழுதுங்கோ. என்கிட்ட சம்பளம் வாங்கின ஒருத்தர்கூட தப்புன்னு ஒத்துண்டதில்ல."

"சனிக்கிழமை சனிக்கிழமை எங்கிட்ட வீடியோல சைகை மொழிப் பாடம் படிக்கணும். அதுக்குச் சம்மதிச்சா சரி."

"சம்மதிப்பார். நீங்க போய்ச் சொல்லுங்கோ, திங்கட்கிழமை வரச்சொல்லி, இனிமே இருபது பேருக்கு நடத்தணும்னு." பிறகு என் பக்கம் திரும்பினார். "அந்த ரெங்கராஜ் அவ்ளோ தொப்பையா?"

"நேர்ல பாத்தா இன்னும் ஜாஸ்தி, மேடம்."

மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கிற அளவுக்கு அதில் அழுக்கு இல்லை.

பஸ்ஸில் அண்ணன் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தான். தில்லைநகர் தாண்டியதும் நீள நோட்டை மடியில் விரித்தான். ஒவ்வொரு படமாக விரல் வைத்தான்.

"இது?"

"நெஜம்."

"இது?"

"ஏட்டு செஞ்சது. நீயே பாத்தியே."

"இது?" அதிகாரி விளக்கம் கேட்டு அனுப்புகிற சார்ஜ் மெமோவுக்கு மூக்கைத் துடைக்கிற மாதிரி ஒரு படம்.

நான் என் செருப்பைப் பார்த்தேன். "அதுவும் பொய்தான். எங்க கணக்கு டீச்சர்."

நோட்டைப் பட்டென்று மூடினான். அவன் தோள் குலுங்கியது. கோபமாக இருக்கும் என்று எட்டிப்பார்த்தால், வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறான். கண்ணில் தண்ணீர் வர, முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்க, சத்திரம் வரைக்கும் சிரித்தான். இறங்கியதும் சட்டென்று முகத்தைக் கல்லாக்கிக்கொண்டான்.

"உனக்குத் தண்டனை உண்டு. இன்னைக்கு முழுக்க எனக்காக நீ பேசக் கூடாது. வாயும் கூடாது, கையும் கூடாது. கையக் கட்டிக்கிட்டு உக்காரு."

"அப்ப அத்தாகிட்ட யாரு சொல்றது?"

"நான்."

மதியச் சாப்பாட்டுக்கு அத்தா வந்திருந்தார். அம்மா சோறு போட்டுக்கொண்டிருந்தது. அண்ணன் உள்ளே வந்து அத்தா முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அத்தா வழக்கம்போல என்னைப் பார்த்தார்.

"என்னாச்சும்மா? கேளு அவன்கிட்ட."

நான் கையைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்தேன். உதட்டை உள்ளே மடித்துக்கொண்டேன்.

"என்ன இவ? ஊமையாட்டம் நிக்கிறா?" என்றது அம்மா.

அண்ணன் அத்தாவின் முழங்காலைத் தட்டினான். அத்தா திரும்பினார். போர்டு ஒன்றைக் காற்றில் வரைந்தான். எழுதினான். எழுந்து நின்றான். எதிரே ஐந்து பேரை ஒவ்வொருவராக உட்கார வைத்தான். தன் நெஞ்சில் கை வைத்தான்.

அத்தா வாயில் போகவேண்டிய சோறு கையிலேயே நின்றது. மெதுவாகத் தட்டில் போட்டார். விரலைச் சூப்பித் துடைத்தார். அவரும் காற்றில் ஒரு போர்டு வரைந்தார், கோணல் மாணலாக. எழுதுவதுபோலக் காட்டி, அண்ணன் நெஞ்சைத் தொட்டு, புருவத்தை உயர்த்தினார்.

அண்ணன் தலையாட்டினான்.

அத்தா ஐந்து விரலை விரித்தார். ஐந்து பேரா?

அண்ணன் இரண்டு கையையும் விரித்து, மடக்கி, மறுபடி விரித்தான். இப்போது ஐந்து, இனிமேல் இருபது. அத்தாவுக்கு அது புரியவில்லை. மறுபடியும் கேட்டார். மறுபடியும் காட்டினான். மூன்றாவது தடவை புரிந்துவிட்டது. "இருபது பேரா!" என்று கத்தினார், யார் காதில் விழும் என்று யோசிக்காமல். அடுத்து எப்படி நடத்துவாய் என்று கேட்கப் பார்த்தார், கை வரவில்லை. சோற்றுக் கையாலேயே அண்ணன் மணிக்கட்டைப் பிடித்து, நீயே காட்டு, நீயே காட்டு என்று ஆட்டினார். அம்மா கரண்டியைப் போட்டுவிட்டு அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

சோறு ஆறிக்கொண்டிருந்தது. என்னை யாரும் கூப்பிடவில்லை.